பீங்கான் கூட்ஸ் வண்டியும் ஜாக்கெட் கொக்கியும்

ஆயுத பூஜை அன்று காலை. மாடி அறையில் சந்தன வாசனையும் மெஷின் ஆயில் வாசனையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மேசைகளை ஒட்டிப்போட்டு, அவற்றின் மேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தேன். தண்டவாளத்தில் ஒரு குட்டி நீல எஞ்சின். அதன் பின்னால் எட்டுப் பீங்கான் வேகன்கள். கடைசியில் கார்டு உட்காருகிற பிரேக் வேன். அத்தனைக்கும் பொட்டு வைத்தாயிற்று.

கதவை ஒட்டி நாற்காலி போட்டு என் நாத்தனார் விஜயா உட்கார்ந்திருந்தார். இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து. முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஒரே ஒரு சுத்து," என்றார். "ஒரு பொட்டிகூட கழண்டுக்கக் கூடாது, கீழ எறங்கக் கூடாது. கெளம்புன எடத்துக்கு முழுசா வந்து நிக்கணும். வந்துச்சுன்னா இந்த ரூமு உனக்கு. வரலன்னா வாடகைக்கு வுட்டுடுவோம். அப்புறம் என்கிட்ட வந்து மூக்க சிந்திக்கிட்டு நிக்கக் கூடாது, ஆமா."

"சரிங்க அண்ணி," என்றேன்.

என் கை எஞ்சினை ஓட்டுகிற கரண்ட் திருகின் மேல் இருந்தது. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன். கீழே கேட்டில் 'மாடி ரூம் வாடகைக்கு' என்று எழுதிய அட்டை காற்றில் டப் டப் என்று அடித்துக்கொள்ளும் சத்தம் மாடிவரை கேட்டது.

கொஞ்சம் பொறுங்கள். திருகுவதற்கு முன்னால், இந்த வண்டி இங்கே எப்படி வந்து நின்றது என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் எங்கள் பீங்கான் யூனிட்டைப் பற்றி நான் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, என் கூட வேலை பார்க்கிற ஜோதி, "ரயிலு கதய எப்பக்கா எழுதுவ? அத எழுதாம சூளை கதயே எழுதிக்கிட்டு கெடக்கிற," என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

எனக்கென்று ஓர் இடம்

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் அச்சுப் பிரிவில் இருக்கிறேன். களிமண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தைக் கவிழ்த்தால், உள்ளே தோல்போல ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் பொம்மை. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இதே வேலை.

எங்கள் வீட்டில் கீழே கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. படுக்கையறை அண்ணியுடையது. கணவர் போன பிறகு அண்ணி எங்களோடு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து சாவிக்கொத்தும் அவரிடம் போய்விட்டது. அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கெட்டவர் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் பட்டாசுதான்.

மாடி அறை என் மகனுக்காகக் கட்டியது. அவன் பெங்களூருக்குப் போய்விட்டான். ஒரு தடவை வந்தபோது தன் பையனுக்கென்று பெட்டி நிறைய ரயில் செட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். பையன் இரண்டு நாள் விளையாடினான். அப்புறம் செல்போன் கைக்குப் போனது. ரயில் மாடியிலேயே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டப் போனேன். ஓடுகிறதா என்றுதான் பார்த்தேன். அந்த எஞ்சின் இரண்டே இரண்டு பிளாஸ்டிக் வேகனை இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த பருப்பு தீய்ந்து, கீழேயிருந்து அண்ணி கத்திய பிறகுதான் எழுந்தேன்.

"பேரன் எடுத்த வயசுல பொம்ம ரயிலு கேக்குதா?" என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். சமையலறை உன்னுடையதுதானே என்பார்கள். அங்கே எனக்கு வேலைதான் இருக்கிறது. நான் சும்மா உட்கார்ந்து எனக்குப் பிடித்ததைச் செய்ய இந்த வீட்டில் ஒரு மூலைகூட இருந்ததில்லை. அந்த மாடி அறையில் உட்கார்ந்தபோதுதான் அது எனக்கே உறைத்தது.

என் வீட்டுக்காரர் சேகர், கூட்ஸ் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவராவது எனக்குப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆள வுடு தாயி. சர்வீஸ் பூரா கூட்ஸ் வண்டி பின்னாடியே போயிட்டு இப்பதான் வூட்டுக்கு வந்திருக்கேன். வூட்டுக்குள்ளயும் கூட்ஸா?"

இரும்பையும் சுடுவார்களா?

எங்கள் யூனிட்டின் பின்சுவரை ஒட்டி ரயில் பாதை போகிறது. டீ வேளையில் நாங்கள் எல்லாரும் சுவரோரம் நிற்போம். நெய்வேலிப் பக்கமிருந்து நிலக்கரி ஏற்றிய வேகன்கள் வரிசையாகப் போகும். எனக்கு அந்த வண்டிதான் வேண்டும். பிளாஸ்டிக்கில் இரண்டு வேகன் யாருக்கு வேண்டும்?

சூப்பர்வைசரைக் கேட்டேன். "டிபன் நேரத்துல செஞ்சுக்கங்கக்கா. எனக்கும் ஒண்ணு குடுத்துடுங்க," என்றார். ஒரு வேகனுக்கு அச்சு செய்தேன். தடிமனாக வந்தால் எஞ்சின் இழுக்காது. அதனால் கரைசலைச் சீக்கிரமே கவிழ்த்து, முட்டை ஓடு மாதிரி மெலிசாக எடுத்தேன். சூளையிலிருந்து எட்டும் நல்லபடியாக வந்தன. கரும்பழுப்பு வண்ணம் கொடுத்து, மேலே அடுப்புக்கரித் தூளை ஒட்டினேன். அச்சு அசல் நிலக்கரி வேகன்.

சக்கரம் மட்டும் மண்ணில் ஆகாது. கடைவீதிக்குப் பின்னால் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற அந்தோணி அண்ணனிடம் போனேன். தண்டவாளத்தின் அகலத்தை அளந்து, சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு இடைவெளி என்று தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். அவரும் இரும்பில் கடைந்து, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஆக்சிலோடு சேர்த்துப் பளபளவென்று கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தண்டவாளத்தில் வைத்தேன். உட்காரவில்லை. எந்தச் சக்கரமும் உட்காரவில்லை. தண்டவாளத்துக்குள் இறங்க வேண்டிய சக்கர விளிம்பு, இரண்டு பக்கமும் தண்டவாளத்தின் மேலேயே ஏறி நின்றது. எஞ்சின் இழுத்ததும் வேகன்கள் வாத்துக் கூட்டம் மாதிரி தத்தித் தத்திப் போய் மேசையை விட்டே இறங்கப் பார்த்தன.

எனக்கு ஆத்திரம். ஒரு மஞ்சப்பையில் சக்கரங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "என்னாண்ணா அளவு இது? கண்ண மூடிக்கிட்டா கடைஞ்சீங்க?"

அந்தோணி அண்ணன் என் தாளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்து அளந்து காட்டினார். நான் எழுதிக் கொடுத்தது அப்படியே இருந்தது, மயிரிழை பிசகாமல். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

பீங்கான் வேலையில் எதைச் செய்தாலும் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் செய்வோம். மண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். நாலு விரல் பொம்மை வேண்டுமென்றால் நாலரை விரலுக்கு அச்சு செய்ய வேண்டும். இத்தனை வருஷத்தில் அது கையோடு ஊறிப்போன பழக்கம். சக்கரத்துக்கும் அதே மாதிரி, சுருக்கத்துக்கு என்று கூட்டி எழுதிவிட்டேன்!

விஷயத்தைச் சொன்னதும் அந்தோணி அண்ணன் லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஏம்மா மல்லிகா, இரும்பையும் சூளையில வச்சு சுடப்போறியா? சுருங்கி வர்றதுக்கு அது என்னா களிமண்ணா?"

மறுநாள் யூனிட்டில் ஜோதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "நானும் அப்படித்தான்க்கா போன தீவாளிக்கு ஜாக்கெட் அளவு கூட்டிக் குடுத்துட்டேன்," என்றாள். பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்த ஊரைத் தவிர வேறு எங்கேயும் இந்தத் தப்பு நடக்காது என்று நினைக்கிறேன்.

தலைமுடியும் பட்டனும்

சரியான சக்கரம் வந்தது. உட்கார்ந்தது. ஆனால் உருளவில்லை. எஞ்சின் மூன்று வேகனை இழுத்துவிட்டு நாலாவதுக்கு மூச்சு வாங்கியது.

ஒரு வேகனைத் திருப்பிப் பார்த்தேன். ஆக்சிலில் என் தலைமுடி சுற்றிக்கொண்டிருந்தது. முடியோடு எங்கள் ஊருக்கே உரிய வெள்ளைத் தூசி. யூனிட்டிலிருந்து நான் தலையிலும் புடவையிலும் சுமந்துகொண்டு வருகிற தூசிதான். அன்றிலிருந்து குளித்து, தலையை இறுக முடிந்துகொண்டுதான் மாடிக்குப் போவது என்று ஆனது.

"சாமி ரூமுக்குக்கூட இவ்ளோ ஆச்சாரமா போவ மாட்டா," என்றார் அண்ணி.

முடியை எடுத்தும் போதவில்லை. ஆக்சில் முனை பீங்கானில் உரசியது. யூடியூபில் வெள்ளைக்காரர் ஒருவர் ஆக்சில் முனையை ஊசிபோலக் கூராக்கி, குட்டிப் பித்தளைக் குழியில் நிறுத்திக் காட்டினார். நம் ஊரில் பித்தளைக் குழிக்கு எங்கே போவது? யோசித்துக்கொண்டே ஜாக்கெட்டை மாட்டினேன். பிரஸ் பட்டன் விரலில் பட்டது. அதில் ஒரு பக்கம் குழிதானே?

அந்தோணி அண்ணன் முனைகளைக் கூராக்கித் தந்தார். வேகனுக்கு நாலு பட்டன் ஒட்டினேன். கண்ணாடி மேல் வைத்து ஒரு வேகனை விரலால் லேசாகத் தள்ளினேன். அது போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடி முடிந்து கீழே விழப்போனதைப் பாய்ந்து பிடித்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் மகன் பாஸானபோதுகூட வரவில்லை. அவன் இதைப் படித்தால் படிக்கட்டும்.

கடைசிப் பெட்டிக்கு வருகிற அடி

பாக்கி இருந்தது கப்ளிங். வேகனை வேகனோடு மாட்டுகிற கொக்கி. மண்ணில் செய்தேன், முதல் இழுப்பிலேயே ஒடிந்தது. பட்டன் வேலை செய்த தைரியத்தில் ஜாக்கெட் கொக்கிக்கே போனேன். ஒரு முனையில் கொக்கி, எதிர் முனையில் பழைய மோட்டாரில் சுற்றியிருந்த செம்புக் கம்பியை வளைத்து ஒரு வளையம். சூளையில் வேகன்கள் லேசாக முன்னே பின்னே கோணிக்கொள்ளும் என்பதால் கொக்கிகள் மேலும் கீழுமாக நின்றன. அதற்கு ஓர் அளவுக் கட்டை செய்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் ஒட்டினேன்.

நெருக்கமாகப் பிடித்தால் கழலாது என்று நினைத்து வளையத்தை இறுக்கினேன். நேர் பாதையில் ராஜா மாதிரி போனது. ஜன்னலோர வளைவில் திரும்பியதும் வேகனின் மூலையும் மூலையும் இடித்து, மூன்றாவது வேகன் கவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் அதே வளைவு, அதே வேகன்.

இந்த நேரம் பார்த்துத்தான் அண்ணி கேட்டில் வாடகை அட்டையைத் தொங்கவிட்டார். பாங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன் பூஜை அன்று ரூம் பார்க்க வருகிறானாம். எனக்கு எங்கிருந்துதான் ஆவேசம் வந்ததோ, கூடத்தில் நின்று கத்தினேன். "இந்த வூட்டுல நான் எதையாச்சும் கேட்டிருக்கேனா? ஒரு பொட்டு நகை கேட்டனா? ஒரு ரூமு கேக்குறேன். அதுகூட எனக்குன்னு இருக்கக் கூடாதா?"

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடாத ரயிலுக்கு ரூமு எதுக்குடி? ஓட்டிக் காட்டு. அப்ப பாப்போம்." பந்தயம் இப்படித்தான் வந்தது.

அன்று சாயங்காலம் நான் மறுபடியும் கவிழ்ந்த வேகனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வந்து கதவில் சாய்ந்து நின்றார். நான் ரயிலைக் கையில் எடுத்த பிறகு மாடிக்கு அவர் வந்ததே அதுதான் முதல் தடவை.

"இவ்ளோ இறுக்கிக் கட்டுனா வண்டி எப்படித் திரும்பும்?" என்றார். "கப்ளிங்குல ஆட்டம் இருக்கணும் மல்லி. அப்பதான் எஞ்சினு ஒவ்வொரு பொட்டியா இழுக்கும். எல்லாத்தையும் ஒரே அடியா இழுக்க எந்த எஞ்சினாலயும் முடியாது."

பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "கூட்ஸ் கெளம்புறப்ப தடதடன்னு ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கியா?"

கேட்காமல் என்ன? சுவரோரம் டீ குடித்துக்கொண்டே தினம் கேட்ட சத்தம். முன்னாலிருந்து பின்னால் ஓடுகிற இடி.

"அது ஒவ்வொரு கப்ளிங்கா இழுபடுற சத்தம். கடைசில எல்லா இழுப்பும் சேந்து பிரேக் வேனுக்கு வரும் பாரு ஒரு அடி, முதுகெலும்பே கழண்டுக்கும். அதுக்குன்னே கம்பிய கெட்டியா புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

கல்யாணமான புதிதில் இவர் டூட்டி முடிந்து வந்து குப்புறப் படுத்துக்கொண்டு முதுகை அமுக்கச் சொல்வார். உட்கார்ந்தே போகிற வேலைக்கு என்ன முதுகுவலி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அமுக்குவேன். நான் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்த அந்தச் சத்தமெல்லாம் கடைசியில் இவர் முதுகில் போய் விழுந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "எதுக்கு இப்ப கண்ணு கலங்குற? வளையத்த நீட்டுவியா, அத விட்டுட்டு," என்றார்.

வளையங்களை எல்லாம் கழற்றி நீளமாக வளைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி மாட்டினார். மாட்டி முடித்ததும் தலையை ஆட்டினார். "பிரேக் வேன் எங்க? கடைசி வண்டி இல்லாம இது என்னா வண்டி?" அதனால்தான் ஒன்பதாவதாக ஒரு பெட்டி வந்தது. அதன் பின்பக்கம் சிவப்புப் புள்ளி வைத்தவர் அவர்தான்.

ஒரு சுற்று

மறுபடியும் ஆயுத பூஜைக் காலைக்கு வருகிறேன். கை திருகின் மேல்.

மெதுவாகத் திருகினேன். முதல் வேகன் டிக் என்றது. இரண்டாவது டிக். மூன்றாவது, நாலாவது. அந்தச் சின்னச் சத்தம் வரிசையாகப் பின்னால் ஓடி பிரேக் வேனில் போய் நின்றது. வண்டி நகர்ந்தது.

"அதேதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

நேர் பாதை முடிந்தது. ஜன்னலோர வளைவு. எஞ்சின் திரும்பியது. முதல் வேகன், இரண்டாவது வேகன் திரும்பின. மூன்றாவது லேசாகச் சாய்ந்தது.

"சாயுது! சாயுது!" என்று அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். விழ வேண்டும் என்று கத்தினாரா, விழக் கூடாது என்று கத்தினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நீட்டிய வளையத்துக்குள் கொக்கி ஒரு நூல் நகர்ந்து இடம் கொடுத்தது. வேகன் நிமிர்ந்து பின்னாலேயே போயிற்று.

அடுத்தது சுரங்கப் பாதை. யூனிட்டில் உடைந்து கிடந்த பெரிய குழாயைக் கவிழ்த்து வைத்திருந்தேன். எஞ்சின் உள்ளே போய் வெளியே வந்தது. வேகன்கள் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணி விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். "ஆறு... ஏழு... எட்டு..."

எட்டாவதற்குப் பின்னால் குழாய் வாய் இருட்டாகத் தெரிந்தது. வளையத்தை நீட்டியதால் வந்த விரற்கடை இடைவெளிதான். அந்த விரற்கடைக்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருட்டிலிருந்து பிரேக் வேன் நிதானமாக வெளியே வந்தது. அப்படியே வந்து, கிளம்பிய இடத்தில் நின்றது.

நிஜக் கூட்ஸ் ஸ்டேஷனுக்குள் வந்தால் எஞ்சினை வைத்து முடிவு செய்ய மாட்டார்களாம். கடைசிப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் வண்டி முழுசாக வந்தது என்பார்களாம். என் வீட்டுக்காரர் குனிந்து அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்தார். கையில் அவருடைய பழைய பச்சைக் கொடி. டிரங்குப் பெட்டியிலிருந்து எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை.

"வண்டி முழுசா வந்துருச்சு!" தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"நீ பொண்டாட்டிக்கு ஜால்ரா போடுறடா சேகரு," என்றார் அண்ணி.

"அக்கா, வராத பொட்டிய வந்துச்சுன்னு என் சர்வீஸ்ல ஒருநாளும் நான் சொன்னது கெடையாது."

அண்ணி எழுந்து மேசைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கொக்கியை உற்றுப் பார்த்தார்.

"இது ஜாக்கெட் கொக்கிதான?"

"ஆமாங்க அண்ணி. உங்க தையல் டப்பாலேர்ந்துதான் எடுத்தேன்."

"அதான பாத்தேன், ஒரு கொக்கி அட்டையே காணமேன்னு." உதட்டோரம் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து, ஒரு சாவியை மட்டும் கழற்றினார். என் கையில் கொடுக்கவில்லை. கடைசி வேகனின் கரிமேல் வைத்தார்.

"சொமையோட ஓட்டு. இதயும் கொண்டாந்து சேக்குதான்னு பாக்குறேன்."

வெறும் வேகன் ஓடிவிட்டது. இது இரும்புச் சாவி. மறுபடியும் திருகினேன். டிக் டிக் டிக் என்று கொக்கிகள் இழுபட்டன. சாவியைச் சுமந்த வேகன் கனமாக நகர்ந்து, ஜன்னலோர வளைவில் திரும்பி, குழாய்க்குள் போய், வெளியே வந்து, என் முன்னால் நின்றது. எடுத்தேன். அண்ணியின் இடுப்புச் சூடு சாவியில் இன்னும் இருந்தது.

கீழே கேட்டைத் தட்டும் சத்தம். ரூம் பார்க்க வந்த பாங்குப் பையன். என் வீட்டுக்காரர் பச்சைக் கொடியைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போனார். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"ரூமு போயிருச்சு தம்பி," என்றார்.

"அய்யய்யோ. யாருங்க சார் எடுத்துக்கிட்டது?"

அட்டையைப் பிய்த்து எடுக்கிற சத்தம் கேட்டது.

"எங்க வூட்டம்மாதான்," என்றார் அவர். "இப்பதான் கூட்ஸ்ல சாவி வந்துச்சு."